காதுக்கு எட்டாத தூரம்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ராஜா இருந்தார், ஒரே ஒரு நாளைக்கு மட்டும் ராஜாவாக இருந்தார், விடுப்பு முடிந்தால் மறுபடி கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு அலுவலகத்தில் வந்து உட்கார வேண்டியவர்தான் என்றாலும் இன்றைக்கு ராஜா, தலையில் மடிப்பு மடிப்பாக நிமிர்ந்து நிற்கும் சரிகைத் தலைப்பாகை, இடுப்பில் குறுவாள், பக்கத்தில் அதே மஞ்சள் பட்டில் ராணி. மலாய்க்காரர் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருநாள் ராஜா ராணி. மேடையில் அமர்ந்திருக்கும்வரை யாருக்காகவும் எழுந்து நிற்க வேண்டியதில்லை, வாயைத் திறந்து பேச வேண்டியதுகூட இல்லை. ராஜா என்று ஒருவர் இருந்தால் விசிறி வீச ஓர் ஆள் இருக்க வேண்டும் அல்லவா, அந்த ஆள் புவனேசன். மலாக்காவில் அந்தச் சமூக மண்டபத்து மேடையில், மாப்பிள்ளை ஷஸ்வானின் வலது தோளுக்குப் பின்னால், வாடகைக்கு எடுத்த பச்சை மலாய்ச் சட்டையும் இடுப்புப் பட்டும் கட்டிக்கொண்டு, இறகு விசிறியை மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டு நின்றான். பள்ளியில் ஒன்றாம் படிவத்திலிருந்து கூடவே வந்த சிநேகிதனின் கல்யாணம், மாப்பிள்ளைத் தோழனாக நிற்கச் சொல்லி அவனே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போனான், இதில் சந்தோஷப்படாமல் வேறு என்ன. சிரித்துக்கொண்டுதான் நின்றான். சிரிப்பு முகத்தில் ஒட்டவைத்தது மாதிரி நின்றுகொண்டிருந்தது, அதற்குப் பின்னால் இரண்டு காதும் கொதித்தன, விசிறியின் காற்று ராஜாவுக்குப் போகிறதா தனக்கு வருகிறதா என்று தெரியவில்லை, ஏனென்றால் மேடை ஏறுவதற்குச் சற்று முன்னால் அந்த வார்த்தையைக் கேட்டிருந்தான்.

காரில் விட்டுவிட்ட விசிறியை எடுத்துக்கொண்டு வந்தபோது கேட்டது. உடை மாற்றும் அறைக்குக் கதவு இல்லை, நீலத் திரைதான், திரையை விலக்கக் கை நீட்டினான், உள்ளேயிருந்து ஷஸ்வானின் குரல், வேறு யாருடையதும் இல்லை, தூக்கத்தில் கேட்டாலும் தெரியும் அந்தக் குரல்: "என் கெலிங் எங்கே? விசிறி அவன்கிட்டத்தானே இருக்கு." அத்தைமார்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். நகைச்சுவைக்குச் சிரிக்கிற சிரிப்புகூட இல்லை, கல்யாண வீட்டில் எதற்கும் சிரிப்பார்களே, அது. திரையில் இவன் கை அப்படியே நின்றது. பிறகு கை தானாக விலக்கியது, கால் தானாக உள்ளே போயிற்று, ஷஸ்வான் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஆ, மச்சா! வந்துட்டியாலா!" என்றான். அதே வாய். இரண்டுக்கும் நடுவே வாயைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. மச்சா என்று சொல்லும்போது முகம் மலர்ந்ததே, அது பொய்யில்லை, புவனேசனுக்குப் பொய் முகம் தெரியும், அது நிஜமாகவே மலர்ந்தது. ஒரே வாய்க்குள் இரண்டு வார்த்தையும் சண்டை போடாமல் இத்தனை வருஷம் குடியிருந்திருக்கின்றன. கெலிங். தமிழனைப் பார்த்து மலாய்க்காரர் சொல்கிற வசை, முன்பின் தெரியாதவன் கார் கண்ணாடியை இறக்கிச் சொல்வான், பதிலுக்கு நாமும் ஒன்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பள்ளிக்கூடத் திடலில் ஒருத்தன் சொன்னபோது அவன் சட்டையைப் பிடித்தவன் ஷஸ்வான்தான், ஷஸ்வானுக்குத்தான் உதடு கிழிந்தது. அந்த உதடு. அதே உதடு இப்போது நிழற்படக்காரருக்காக அளவாகச் சிரித்துக்கொண்டிருக்கிறது. "தோழரே, விசிறியைக் கொஞ்சம் கீழே இறக்குங்க, ராணி முகம் மறையுது," என்றார் நிழற்படக்காரர். இறக்கினான். அதிலும் 'என்'. கெலிங் எங்கே என்று கேட்டிருந்தால் ஒரு மாதிரி, என் கெலிங் என்றால் வேறு மாதிரி, அந்த 'என்' பிரியத்தில் சொன்னதா, என் குடை, என் செருப்பு என்கிற மாதிரியா, பிரியம் என்று வைத்துக்கொண்டால் வலி குறைய வேண்டும், ஏன் கூடுகிறது, விசிறி நின்றுவிட்டது, வீசு, வீசு.

விருந்தாளிகள் வரிசையாக ஏற ஆரம்பித்தார்கள். ராஜா ராணியின் மடியில் ஆளுக்கொரு திண்டு, திண்டின் மேல் விரித்த உள்ளங்கைகள். ஏறி வருகிறவர் தட்டிலிருந்து மஞ்சள் அரிசியும் நறுக்கிய பூவும் தூவ வேண்டும், இலைக் கொத்தை அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து உள்ளங்கையில் ஒற்ற வேண்டும், பன்னீர் தெளிக்க வேண்டும், இறங்கும்போது அவித்த முட்டை செருகிய காகிதப் பூ ஒன்று கைக்கு வரும். முதலில் பெண்ணின் அப்பா, பிறகு மாமாக்கள். இதில் கேவலம் என்னவென்றால் அந்த வார்த்தையின் பூர்வீகம் முழுவதும் ஷஸ்வானுக்குத் தெரியும். தெரியாதவன் சொன்னால் தெரியாமல் சொன்னான் என்று விட்டுவிடலாம். பழைய தெருக்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கப் பலகை எழுதுகிற அலுவலகத்தில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை, கம்போங் கெலிங் என்ற பழைய குடியிருப்புக்கு வைக்க வேண்டிய பலகையை இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினார்கள். அந்தப் பகுதியில் குடியிருந்தவர்களை வெள்ளைக்காரன் ஆங்கிலத்தில் கிளிங் என்று எழுதி வைத்தான், சுங்கக் கணக்கில் கிளிங், குடிக்கணக்கில் கிளிங், நெசவுத் துணி விற்றவனும் கிளிங், படகு ஓட்டியவனும் கிளிங். எங்கிருந்து வந்தது? மலாய்க்காரர் வாயிலிருந்து எடுத்துக்கொண்டான். மலாய்க்காரருக்கு எங்கிருந்து? கலிங்கத்திலிருந்து என்கிறார்கள். வங்காள விரிகுடாவின் அந்தப் பக்கம் கலிங்கம் என்று ஒரு ராஜ்ஜியம், அங்கிருந்து கப்பல் வந்தது, பிறகு அந்தத் திசையிலிருந்து எந்தக் கப்பல் வந்தாலும், எந்த ஊர்க்காரன் இறங்கினாலும், அவனுக்கு அதே பேர். தஞ்சாவூரிலிருந்து வந்தவனுக்கும் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவனுக்கும் கலிங்கத்தோடு என்ன சம்பந்தம். இன்னொரு கதையும் உண்டு, சாலை போடக் கொண்டுவந்த கைதிகளின் கால்விலங்கு நடக்கும்போது கிளிங் கிளிங் என்று எழுப்பிய சத்தமாம், அதனால் வந்த பேராம். அதைப் பலகையில் சேர்த்தால் சுற்றுலாக்காரர்கள் ரசிப்பார்கள் என்று மேலாளர் சொன்னபோது எழுந்து நின்று அடித்துப் பேசியவன் யார்? ஷஸ்வான். "விலங்கு வர்றதுக்கு எத்தனையோ காலம் முன்னாடி இருந்தே இந்தச் சொல் இருக்கு சார். ஒருத்தனை இழிவா பேசுறதுக்குப் பின்னால கட்டின கதை இது. என் பேரு இருக்கிற பலகையில இது வராது." கடைசி வரியையும் அவன்தான் சேர்த்தான், ஒரு காலத்தில் ஊர்ப்பெயராக இருந்தது, இன்று வசைச்சொல், தவிர்க்கவும் என்று. பலகை நீளமாகிறதே, எடுத்துவிடலாமே என்று சொன்னவன் புவனேசன். "எடுக்கக் கூடாதுலா, அதுதான் முக்கியம்," என்றான் ஷஸ்வான். அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது.

தாத்தா இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வார். தாத்தா எதையும் ராஜாவில்தான் தொடங்குவார், நடுநடுவே ம் கொட்டாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். "கலிங்க ராஜாவுக்கு ஏழு கப்பல். ம் சொல்லுடா. ஏழு கப்பல்லயும் பட்டு. இந்த ஊரு சுல்தான் கடற்கரைக்கே வந்து நின்னு, வாங்க கலிங்கத்தாரேன்னு கூப்பிட்டான். அதான்டா நம்மளை இன்னிக்கும் அப்படிக் கூப்பிடறான். அது ராஜா பேருடா. எவனாவது சொன்னா தலையை நிமித்திக்கிட்டுப் போ." தாத்தா தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனார். துறைமுகத்தில் மூட்டை தூக்கும்போதும், கங்காணி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோதும் நிமிர்ந்துதான் இருந்திருப்பார். புவனேசன் சின்ன வயதில் அதை அப்படியே நம்பினான், ம் கொட்டினான், இரண்டாம் வகுப்பில் ஒருத்தன் கெலிங் என்று கத்தியபோது, ஆமாம் என்று சிரித்துக்கொண்டே போய் எல்லாரிடமும் கேலி வாங்கினான். இப்போது யோசித்தால் தாத்தா கதை சொல்லவில்லை, கட்டுப்போட்டுவிட்டார். எந்தக் காயத்துக்கு, யார் முதலில் சொன்னதற்கு, எந்த நாள் எந்த மூட்டைக்குக் கீழே. கேட்கவே இல்லையே.

"புவன், கை வலிக்குதா?" மக் லோங் மேடை ஓரமாக வந்து நின்றுகொண்டு கிசுகிசுத்தாள். ஷஸ்வானின் பெரிய அத்தை, எல்லாருக்கும் அவள் மக் லோங்தான், மேடை நிர்வாகம் முழுக்க அவள் கையில். "நல்லா வீசு. உன் கல்யாணத்துல இவன் வந்து வீசணும்ல. பொண்ணைத்தான் இன்னும் கண்ணுல காட்ட மாட்டேங்கிற." "பார்த்துச் சொல்லுங்க மக் லோங்," என்றது இவன் வாய். "பந்தியில உக்காந்துடாதே, உனக்கும் அம்மாவுக்கும் தனியா கோழி சமைச்சு எடுத்து வெச்சிருக்கேன். மாட்டுக்கறிக் கரண்டியை அதுல போடவே இல்ல, நானே பக்கத்துல நின்னேன்." நானே பக்கத்தில் நின்றேன். திரைக்குள்ளே சிரித்த இரண்டு பேரில் ஒருத்தி இவள். அடுப்புப் பக்கத்தில் நின்று கரண்டி மாறாமல் பார்த்துக்கொண்டவளும் இவள். எதை எடுத்துக்கொண்டு எதை விடுவது. சரி, நீ சொன்னதே இல்லையா? வீட்டில் சீனி தீர்ந்தால் என்ன சொல்கிறாய், சடையன் கடையில் வாங்கிவருகிறேன் என்றுதானே சொல்கிறாய்? அந்தச் சீனர் பெயர் லிம், பிறந்ததிலிருந்து அவர் கடையில்தான் வாங்குகிறோம், அவர் தாத்தாவின் தாத்தா காலத்திலேயே சடையை வெட்டியாயிற்று. அது வேற. எப்படி வேற? அதில் வெறுப்பு இல்லை. இவன் சொன்னதில் இருந்ததா? லிம் அண்ணனுக்குத் தமிழ் புரியும். புரியும். ஒருதடவை அம்மா கடைக்குள்ளேயே கைப்பேசியில், சடையன் கடையில நிக்கிறேன் என்று சொன்னபோது அவர் பில் போட்டுக்கொண்டே இருந்தார், தலையைத் தூக்கவில்லை. அது வேற என்று மறுபடி நினைத்தான், நினைப்பு போய் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது, கண்ணாடியில் முட்டுகிற பூச்சி மாதிரி, அந்தச் சமயத்தில்தான் படியில் அம்மாவின் கத்தரிப்பூப் பட்டுச்சேலை தெரிந்தது.

வேண்டாம் என்று நினைத்தான். இப்போது வேண்டாம், அம்மா, கீழேயே இரு. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடங்கில் வேலை, அம்மா தனியாக வந்திருந்தாள், காலையிலிருந்து என்ன கொடுப்பது என்ன கட்டுவது என்று ஒரே பரபரப்பு. முகத்தில் அப்படி ஒரு பூரிப்போடு ஏறி வந்தாள். அவள் கண்ணுக்கு மேடையில் இரண்டு பிள்ளைகள், ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், ஒருத்தன் நிற்கிறான். பரீட்சைக்கு முந்தின ராத்திரிகளில் ஷஸ்வான் இவர்கள் வீட்டுக் கூடத்தில்தான் படுத்துக் கிடப்பான், காலையில் புவனேசன் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டு அவனிடம் வரும்போது அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொள்வாள், தலையை மட்டும் தடவுவாள், அவன் மார்க்கம் வேறு என்று ஒருதடவைகூட மறந்ததில்லை. இன்றைக்கு அரிசியைத் தூவினாள். பூவைத் தூவினாள். "நல்லா இருங்கப்பா, நல்லா இரும்மா," என்றாள் தமிழில். ஷஸ்வான் மரியாதைக்குத் தலை குனிந்தான். குனிந்த தலை, எதிரே தட்டில் வெள்ளையாகக் கரைத்த மாவு. அம்மாவின் கைக்கு வேறு எதுவும் தெரியவில்லை. இலைக் கொத்தை எடுக்கவில்லை. மூன்று விரலைத் தோய்த்தாள், நெற்றியில் இழுத்துவிட்டாள். மூன்று வெள்ளைக் கோடு, தலைப்பாகைக்கும் புருவத்துக்கும் நடுவே, பளிச்சென்று.

முன்வரிசையில் பேச்சு அறுந்தது. நிழற்படக்காரர் பொத்தானை அழுத்திவிட்டு, ஐயோ என்று கருவியை இறக்கினார். ஷஸ்வானின் அப்பா நாற்காலியில் பாதி எழுந்தார். அம்மாவின் கை காற்றில் நின்றது, தன் விரலைத் தானே யாருடையதோ மாதிரி பார்த்தாள். மக் லோங் காகிதக் கைக்குட்டையோடு ஓடி வந்துகொண்டே கூட்டத்தைப் பார்த்து, சூழ்நிலையைச் சரிப்படுத்துகிற குரலில், நல்ல மனசோடுதான், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்: "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, கெலிங் அம்மா, நம்ம வழக்கம் தெரியல பாவம்." கூட்டம் இளகிச் சிரித்தது. புவனேசன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அங்கே ஏதாவது உடைய வேண்டும், கண்ணோ உதடோ, எதுவோ ஒன்று, தனக்கு இவ்வளவு நேரம் உடைந்துகொண்டிருப்பது அவளுக்கும் உடையும் என்று காத்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை. மழைத்தூறல் விழுந்தால் நடந்துகொண்டே இருப்பார்களே, அப்படி. "மாப், மாப், தப்பாயிடுச்சு," என்று மலாயில் சொல்லிக்கொண்டே, மக் லோங்கின் கைக்குட்டைக்குக் காத்திராமல், தன் பட்டு முந்தானையால் அந்த நெற்றியை அவளே அழுத்தித் துடைத்தாள், கோடு போகாத இடத்தில் எச்சில் தொடப்போனவள் நிறுத்திக்கொண்டு மறுபடி துடைத்தாள், சிரித்தாள், முட்டைப் பூவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பக்கவாட்டுப் படியில் இறங்கிப் போனாள். இவ்வளவு பழகியிருக்கிறதா அவளுக்கு. அந்தச் சொல் அவள் மேல் எத்தனை தடவை விழுந்தால் இப்படிச் சிரிக்க வரும், எந்தக் கடையில், எந்தக் கிளினிக்கில், எந்தப் பேருந்தில், தான் பக்கத்தில் நிற்கும்போதேவா, தனக்குக் கேட்காமல் எப்படி மறைத்தாள். விசிறியின் காம்பு வேர்வையில் வழுக்கியது.

ஷஸ்வானின் பிடரி சிவந்திருந்தது. ராஜா பேசக்கூடாது, உதடு அசையாமல் பேசினான். "ஆன்ட்டிக்குக் கேட்டிருக்குமா?"

"எது?"

"மக் லோங் சொன்னது."

"அம்மா மலாய்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க."

அடுத்த விருந்தாளி ஏறி வந்தார், அரிசி விழுந்தது, பன்னீர் விழுந்தது, இறங்கினார். "மக் லோங் கெட்ட எண்ணத்துல சொல்லலடா. உனக்கே தெரியும்." "தெரியும்." "அந்தக் காலத்து ஆளு. அவங்க வாயில அது ஒரு பேரு மாதிரி, அவ்வளவுதான்." "உன் வாயில?" விசிறி மேலே போயிற்று, கீழே வந்தது. "என் வாயிலயா? நானாடா?" என்றான் ஷஸ்வான், நிஜமாகவே ஆச்சரியப்பட்டான், அந்த ஆச்சரியத்தைக் கேட்டதும் புவனேசனுக்குப் புரிந்தது, இவனுக்கு நினைவுகூட இல்லை, சொன்னது நாக்கிலேயே தங்கவில்லை. "நான் விசிறி எடுத்துட்டு வந்தப்ப திரைக்கு வெளியில நின்னேன்," என்றான். ராணி இஸாத்தியின் கண் ஒருதடவை பக்கவாட்டில் வந்து போயிற்று. "இங்கே பாருங்க, சிரிங்க, மூணு பேரும்!" என்றார் நிழற்படக்காரர். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தப் படம் இருக்கும், இன்னும் எத்தனையோ வருஷம் யார் யார் வீட்டுச் சுவரிலோ இருக்கும், நன்றாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு வரிசை தீரவே இல்லை. பள்ளிக்கூட நண்பர்கள், பெண்ணின் அலுவலகத்தார், கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர், முட்டைப் பூவை இரண்டாவது தடவை வாங்க வந்த ஒரு சின்னப் பெண். ராஜாவால் எழுந்திருக்க முடியாது, தோழனால் நகர முடியாது. ஒருத்தன் கழுத்து இன்னொருத்தன் காற்றில் இருந்தது. விசிறியைக் கீழே போட்டுவிட்டுப் போயிருக்கலாம், ஏன் போகவில்லை, பயமா, மரியாதையா, அம்மா கீழே உட்கார்ந்து தனியாகச் சமைத்த கோழியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதாலா. கடைசியில் மேளக்காரர்கள் மேளத்தைத் துணியில் சுற்றினார்கள். மக் லோங் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். விளக்குகளில் பாதி அணைந்தது. மேடையில் மூன்று பேர்.

"நான் உன்னை முகத்துக்கு நேரா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லலா," என்றான் ஷஸ்வான், எழாமலே, திண்டின் மேல் கை விரித்தபடியே. உள்ளங்கையில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. "வீட்டுல எல்லாரும் பேசுறது. எனக்கே தெரியாம வந்திருக்கு. இன்னிக்கு ஒருநாள்..."

இஸாத்தி பட்டுப் பாவாடையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த உடை மாற்றப் போக வேண்டும், உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு அடி வைத்தவள் திரும்பி, புவனேசனிடம், உண்மையைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்பது மாதிரி மெல்லச் சொன்னாள்: "நிச்சயதார்த்தத்துல நீங்களா வந்து பேர் சொல்ற வரைக்கும் உங்க பேரு எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் இவர் உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்காரு. நல்லதாத்தான்." எந்தப் பேரால் சொன்னார் என்று அவள் சொல்லவில்லை. போய்விட்டாள்.

இரண்டு பேரும் அவள் போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியென்றால் எத்தனை ராத்திரி, எத்தனை மணி நேரத் தொலைபேசிப் பேச்சில், என் கெலிங் இப்படிச் செய்தான், என் கெலிங் அப்படி உதவினான், அவன் நல்லவன். ஷஸ்வான் தலைப்பாகையைக் கழற்றினான். நெற்றியில் அது அழுத்திய தடம் இருந்தது. "இனிமே சொல்ல மாட்டேன், புவன். அல்லாஹ் மேல சத்தியமா."

புவனேசன் யோசித்தான். கோபமாக ஒன்று சொல்ல வேண்டும் என்று தேடினான், கிடைக்கவில்லை. எப்போதும் போல மெதுவாகத்தான் வந்தது குரல். "என் எதிர்ல நீ எப்பவும் சொன்னதில்ல. நீ சொல்றதெல்லாம் நான் இல்லாத இடத்துல. இனிமே சொல்றியா இல்லையான்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

ஷஸ்வான் தலைப்பாகையைத் திண்டின் மேல் வைத்தான். "நான் என்னதான்டா பண்ணணும்?"

"தெரியலடா. நிஜமாவே தெரியல."

விசிறியை ராணி எழுந்து போன இருக்கையில் வைத்தான். படியில் இறங்கினான். காலி நாற்காலிகள், கசங்கிய மேசைத்துணிகள், தூரத்துக் கோடியில் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள், அவனைப் பார்த்ததும் எழுந்து வாசல் பக்கம் நடந்தாள். முதுகுக்குப் பின்னால் ஷஸ்வான் மேடையிலேயே இருந்தான், பட்டு சரசரக்கவில்லை. யாரோ உள்ளேயிருந்து அவனிடம் ஏதோ கேட்டார்கள், உன் சிநேகிதன் சாப்பிடாமல் போகிறானே என்பது மாதிரி. பதில் உடனே வரவில்லை. எந்தப் பேரில் வருகிறது என்று புவனேசன் நடையை மெதுவாக்கினான், மெதுவாக்கியதற்கு வெட்கப்பட்டான், ஆனாலும் மெதுவாகவே போனான். வாசல் வந்தது. வெளியே வெயில், கார்களின் ஓசை, அதற்கு அந்தப் பக்கம் எதுவும் கேட்காது. அவன் தாண்டிப் போனான்.